இன்னும் ஓர் ஆண்டு

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு ஆண்டவர் கூறிய சிறிய உவமை ஒன்று இடம்பெற்றுள்ளது. ஒருவர் தமது திராட்சைத் தோட்டத்தில் அத்திமரம் ஒன்றை நட்டிருந்தார். மூன்று ஆண்டுகளாக வந்து வந்து கனி தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. நிலத்தை வீணாக அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மரத்தை வெட்டிவிடும்படி தோட்டத் தொழிலாளிக்குக் கட்டளையிட்டார். தொழிலாளியோ, இன்னும் ஓராண்டு தவணை தரும்படி வேண்டினார். அதற்கிடையில் மரத்தைச் சுற்றித் தாம் கொத்தி எருப் போடுவதாகவும் வாக்களித்தார்.

அந்த மரத்துக்காகப் பரிந்து பேசியவர் யார் என்பதைக் கவனித்தீர்களா? நிலத்தின் சொந்தக்காரர் பலனைக் கணக்கிட்டார். மண்ணில் கைவைத்து உழைத்தவரே செடியின் சார்பில் மன்றாடினார். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் பயிர் வளர்த்த ஊவா மலைநாட்டு மக்களுக்கு இந்த உவமை அந்நியமானதன்று.

அன்புக்குரியவர்களே, பதுளை, பசறை, லுணுகலை, தெமோதரை, அப்புத்தளை, வெலிமடை என்று எங்கு சென்றாலும், லயத்து முற்றங்களிலும் சிறிய வீடுகளின் வாசல்களிலும் ஒரு காட்சியைக் காணலாம். கறிவேப்பிலைக் கன்று, மிளகாய்ச் செடி, இரண்டு பாத்தி கீரை. அவற்றின் ஓரத்திலே ஒரு ரோஜாச் செடி. மற்றவை வயிற்றுக்காக, ரோஜா உள்ளத்துக்காக. கத்தோலிக்க இல்லமாயின், முதல் மலர் அன்னை மரியாளின் சுரூபத்தடியில் வைக்கப்படும். செபமாலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கே ரோஜாத் தோட்டம் என்பதுதான் பொருள். எனவே மே மாதத்திலும் செபமாலை மாதமாகிய ஒக்டோபரிலும் அந்தச் செடி பூக்கவேண்டும் என்று வீட்டார் ஆவலோடு காத்திருப்பது இயல்பே.

ஆயினும் சில செடிகள் பூப்பதில்லை. இலை தழைக்கும், கொம்பு நீளும், மொட்டு மட்டும் வராது. ஓராண்டு பொறுப்போம், ஈராண்டு பொறுப்போம். மூன்றாம் ஆண்டில், "இது உதவாத செடி, பிடுங்கி எறி" என்று சொல்லிவிடுவோம். இதே தீர்ப்பை நாம் செடிகளுக்கு மட்டுமா வழங்குகிறோம்? பரீட்சையில் தவறிய மகனுக்கும், மந்தமாகப் படிக்கும் மகளுக்கும், மதுவை விட்டுவிட இயலாத கணவனுக்கும் இதே சொற்களைத்தானே வழங்குகிறோம்?

பழி சுமத்துமுன்

அத்திமர உவமை எந்தச் சூழலில் கூறப்பட்டது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதற்குச் சற்று முன்னர் ஆண்டவர் இரண்டு துயரச் செய்திகளைப் பற்றிப் பேசுகிறார். பலி செலுத்தச் சென்ற கலிலேயர் சிலர் பிலாத்துவினால் கொல்லப்பட்டார்கள் என்பது ஒன்று. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டார்கள் என்பது மற்றொன்று. மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ண வேண்டாம் என ஆண்டவர் தெளிவாகக் கூறுகிறார். மனம் மாறும்படி எல்லோரையும் அழைக்கிறார். ஆனால் வீழ்ந்தவர்மீது மட்டும் விரல் நீட்ட எவரையும் அனுமதிக்கவில்லை.

பதுளை மாவட்ட மக்களுக்கு இந்தப் பகுதியை வாசிக்கும்போது நெஞ்சு கனக்கும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையிலும் இம்மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல உயிர்களைக் காவுகொண்டன. மண்ணுக்குள் மறைந்தவர்கள் செய்த குற்றம் என்ன? அவர்கள் நின்ற நிலம் அத்தகையது. அவ்வளவே.

ஆகவே, பூக்காத செடியின் முன் நிற்கும்போதும், "இந்தச் செடிக்கு என்ன கேடு?" என்பது முதற்கேள்வியாக இருத்தலாகாது. "இது நிற்கும் நிலம் எத்தகையது?" என்று கேட்பதே உவமையில் வரும் தொழிலாளியின் வழி. அவர் முதலில் தொட்டது மரத்தின் கிளையை அன்று, வேரடி மண்ணைத்தான்.

தேயிலை மண்ணில் ரோஜா

அந்த மண்ணைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். தேயிலை அமிலத்தன்மை மிகுந்த மண்ணை விரும்பும் பயிர். அமிலத்தை அளக்கும் பி.எச். அளவில் 4.5 முதல் 5.5 வரை உள்ள மண் அதற்கு ஏற்றது. ரோஜாவோ 6 முதல் 6.5 வரை உள்ள, அமிலம் குறைந்த மண்ணிலேயே செழிக்கும். தேயிலைக்காகவே பல பத்தாண்டுகள் பண்படுத்தப்பட்ட மண்ணில் ரோஜாவை நட்டுவிட்டு, அது பூக்கவில்லையே என்று ஏங்கினால் தவறு செடியினுடையதாகுமா? சிறிதளவு டொலமைற் தூளும், நன்கு மக்கிய சாணமும், கூட்டெருவும் மண்ணோடு கலந்தால் வேருக்கு மூச்சு வரும். கொத்தும்போது மேல்வேர்கள் அறாதபடி மெல்லக் கொத்தவேண்டும்.

அடுத்தது உரம். தேயிலைக்கு வேண்டியது கொழுந்து. ஆகவே தேயிலை உரக் கலவையில் இலையை வளர்க்கும் நைதரசன் மிகுதியாக இருக்கும். கைக்கு எட்டியது என்று அதையே ரோஜாவுக்கும் போட்டால், ரோஜாவும் தேயிலையைப் போலவே நடந்துகொள்ளும். பச்சைப் பசேலென்று தழைக்கும், பூவை மறந்துவிடும். இச்செடிக்கு உணவு குறையவில்லை. பொருந்தாத உணவு மிகுந்துவிட்டது.

மூன்றாவது வெயில். ரோஜாவுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மலைச்சரிவில் ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் கூரை, மேலே கிரவிலியா மர நிழல் என்று ஒடுங்கி நிற்கும் செடி ஒளியைத் தேடி உயர்ந்து மெலியுமேயன்றி மலராது. நான்காவது ஈரம். மூடுபனி சூழும் நம் ஊர்களில் மாலையில் இலைமேல் நீர் தெளித்தால், அந்த ஈரம் இரவெல்லாம் காயாமல் கரும்புள்ளி நோயை வரவழைக்கும். காலையில் வேரடியில் ஊற்றுவதே நலம்.

இனி நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் கைகளை உருவாக்குவதற்கென்றே தோட்ட அமைப்பு வகுக்கப்பட்டது. பாடசாலை அதில் பிற்பாடு வந்து சேர்ந்த ஒன்று. 1948இல் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமை பறிக்கப்பட்டது; நாடற்றவர் நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அத்தகைய மண்ணில் வேர்விட்ட ஒரு பிள்ளை, ஒற்றை அறையில், தங்கைமாரின் அழுகைக்கும் தொலைக்காட்சியின் இரைச்சலுக்கும் நடுவே அமர்ந்து படிக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறிவிட்டால், "உனக்குப் படிப்பு ஏறாது" என்று கூறி, மறுவாரமே கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்குப் படிக்க ஓர் இடம் இருந்ததா? சந்தேகம் கேட்க ஒருவர் இருந்தாரா? காலையில் வயிறு நிறைந்திருந்ததா? இக்கேள்விகளைக் கேட்பதுதான் வேரடியைக் கொத்துவது. நம்மிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டோம் என்பதோடு நம் கடமை முடிவதில்லை. பிள்ளைக்குத் தேவையானதைக் கொடுத்தோமா என்பதே கேள்வி.

அயலவர் தோட்டம்

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு வரும் பாதையில் ஹக்கலை தாவரவியல் பூங்கா அமைந்துள்ளது. 1861இல் சிங்கோனாப் பயிர்ச் சோதனைக்கெனத் தொடங்கப்பட்ட அந்நிலம், இன்று ரோஜா மலர்களுக்காகப் பெயர் பெற்றுள்ளது. அங்கே பூத்துக் குலுங்குவதைக் கண்டுவிட்டு வீடு திரும்புவோருக்குத் தம் வீட்டுச் செடியின்மீது எரிச்சல் பிறக்கலாம். ஆனால் ஹக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் உள்ளது. பதுளை நகரமோ 700 மீற்றருக்கும் குறைவு. அங்கே குளிரில் மெல்ல விரிந்து பருக்கும் மொட்டு, இங்கே வெப்பத்தில் விரைந்து விரிந்து சிறுத்துவிடும். ஒரே இனச் செடியானாலும் உயரம் வேறு, காற்று வேறு.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்னும் சொல், நம் வீடுகளில் மிக எளிதாக வந்துவிடுகிறது. அது எந்தப் பிள்ளையையும் மலரச் செய்ததாகத் தெரியவில்லை. உவமையில் வரும் தொழிலாளி அந்த அத்திமரத்தை வேறொரு மரத்தோடு ஒப்பிடவேயில்லை என்பதை நினைவிற்கொள்வோம்.

கவ்வாத்து என்னும் கலை

இரக்கம் என்றால் எதையும் வெட்டாமல் விட்டுவிடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். மலையக மக்களுக்கு அவ்வாறு தோன்றாது. தேயிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துச் செய்யாவிடில் அது காடாக வளர்ந்து பலன் குன்றிவிடும் என்பது தோட்டத்தில் பிறந்த ஒவ்வொருவரும் அறிந்ததே. ஆனால் அதே கையினர் வீட்டு ரோஜாவை வெட்ட அஞ்சுவர். காய்ந்த கொம்பு, ஒன்றோடொன்று உரசும் கிளை, நோயுற்ற தண்டு ஆகியவற்றை நீக்கி, வெளிப்புறம் நோக்கிய கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால், அடிக்கடி பூக்கும் இக்கால ரோஜா இனங்கள் ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் அரும்பும். வாடிய பூக்களையும் அவ்வப்போது கிள்ளிவிடவேண்டும். இல்லையேல் செடி தன் வலிமையை விதைக்காயில் செலவிட்டு, அடுத்த மொட்டைத் தள்ளிப்போடும்.

எல்லாச் செடிக்கும் ஒரே வெட்டு பொருந்தாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் பழைய இனங்கள் சில, சென்ற ஆண்டு வளர்ந்த கொம்பிலேயே மலரும். அவற்றைக் காலம் அறியாமல் வெட்டினால் அவ்வாண்டுப் பூவையே வெட்டியவர்களாவோம். முதலில் செடியை அறியவேண்டும். பின்னரே கத்தியை எடுக்கவேண்டும்.

தேயிலைக் கவ்வாத்தில் நாம் கற்கவேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. வெட்டுமுன் செடியின் வேரில் போதிய மாச்சத்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேரை அறுத்து அயடீன் கரைசல் இட்டால், மாச்சத்து உள்ள இடம் கருநீலமாக மாறும். சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் அது மீண்டும் தளிர்க்க வலுவின்றிப் பட்டுப்போகும். இரண்டாவது, சில இடங்களில் எல்லாக் கிளைகளையும் ஒருசேர வெட்டிவிடாமல், இலையோடு ஒரு கிளையை விட்டுவைப்பார்கள். ஆங்கிலத்தில் அதனை நுரையீரல் என்னும் சொல்லாலேயே குறிப்பிடுவர். மற்றக் கிளைகள் தளிர்க்கும்வரை செடி அந்த ஒரு கிளையினால் மூச்சுவிடும்.

பெற்றோரே, பிள்ளையைக் கண்டிக்குமுன் அதன் வேரில் அன்பின் சேமிப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். பாராட்டே கேளாத பிள்ளையைத் தொடர்ந்து கண்டித்தால் அது திருந்துவதில்லை, பட்டுப்போகிறது. கண்டிக்கும்போதும் மூச்சுவிட ஒரு கிளையை விட்டுவையுங்கள். கணக்கில் தவறிய பிள்ளை நன்றாகப் பாடக்கூடும், பந்து விளையாடக்கூடும், பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக்கூடும். "அதையும் நிறுத்து" என்று அந்தக் கிளையையும் வெட்டிவிடாதீர்கள். யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் தந்தையாம் கடவுளைக் கிளைநறுக்கும் தோட்டக்காரராகக் காட்டுகிறது. கனி தரும் கிளையையும் அவர் நறுக்குவது மிகுந்த கனிக்காகவே. அவரிடம் கத்தியும் உண்டு, கனிவும் உண்டு.

அடியிலிருந்து எழும் காட்டுத் தளிர்

நாற்றுமேடைகளில் வாங்கும் ரோஜாக்களில் பல, வலிய காட்டு ரோஜாவின் வேரில் நல்லினத்தின் கண்ணைப் பொருத்தி வளர்க்கப்பட்டவை. சில காலத்தின் பின் ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு தளிர் மிக வேகமாக எழும்பும். அதன் செழிப்பைக் கண்டு நாமும் மகிழ்ந்து நீரூற்றுவோம். உண்மையில் அது அடிவேரின் காட்டுத் தளிர். மேலே உள்ள நல்லினத்துக்குச் செல்லவேண்டிய சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். நாளடைவில் நல்லினம் மடிந்து காட்டுச் செடி மட்டுமே எஞ்சும். அதனை மேலோடு வெட்டினால் மீண்டும் கிளைக்கும். மண்ணை விலக்கி, அது தொடங்கும் இடத்திலேயே பிய்த்தெடுக்கவேண்டும்.

ஊவாத் தோட்டங்களில் குடும்பங்களின் மலர்ச்சியை உறிஞ்சும் இத்தகைய தளிர்களை நாம் அறிவோம். சம்பள நாளில் மதுக்கடைக்குப் போகும் பணம் அவற்றுள் ஒன்று. திருவிழாவுக்கும் சடங்குக்கும் வாங்கி மீளமுடியாமல் வளரும் வட்டிக்கடன் மற்றொன்று. தவக்காலத்தில் மட்டும் குடியை நிறுத்திவிட்டுப் பாஸ்கா முடிந்ததும் தொடங்குவது, தளிரை மேலோடு நறுக்குவதற்கு ஒப்பாகும். அது எங்கிருந்து எழுகிறது என்று மண்ணை விலக்கிப் பார்க்கவேண்டும். உடல்வலியா, மனச்சுமையா, நண்பர் வட்டமா, ஆறாத பழைய காயமா? அங்கே கைவைக்காமல் வேறு வழியில்லை. அதற்குப் பங்குத்தந்தையின் துணையையும் மருத்துவரின் துணையையும் நாடுவதில் வெட்கமும் இல்லை.

முள்ளும் மலரும்

அப்புத்தளைக்கு அருகே மலைமுகட்டில் அடிசம் மாளிகை நிற்கிறது. தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலேயத் தோட்டத்துரையால் 1931இல் கட்டப்பட்ட அந்தக் கல்மாளிகை, 1960களின் தொடக்கத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் கைக்கு வந்து துறவு மடமாயிற்று. செபமும் உழைப்பும் இணைந்த வாழ்வே அச்சபையின் நெறி. அங்கே ரோஜாச் செடிகளையும் பழ மரங்களையும் இன்றும் காணலாம்.

அச்சபையின் தந்தையாகிய புனித ஆசீர்வாதப்பர் இளமையில் இத்தாலியின் சுபியாக்கோ குகையில் தனித்திருந்தபோது, கடும் சோதனையை வெல்ல முட்புதரில் விழுந்து புரண்டார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. பல நூற்றாண்டுகளின் பின் 13ஆம் நூற்றாண்டில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்கு அங்கு வந்தபோது அந்த முட்கள் ரோஜாக்களாக மலர்ந்தன என்பது வழிவழி மரபு. முள்ளில் விழுந்தவர் அந்த மலர்களைக் காணவில்லை. நாம் இன்று சிந்தும் கண்ணீர், நாம் காணாத ஒரு நாளில் யாருக்கோ மலராகலாம்.

அதே சபையைச் சேர்ந்தவர்தாம் பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் லியோ நாணயக்கார. பதுளை, மொனராகலை மாவட்டங்களை உள்ளடக்கிய இம்மறைமாவட்டம் 1972 டிசம்பரில் உருவாக்கப்பட்டது. அதுவரை கண்டியின் ஆயராக இருந்த அவர், கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினராயும் வறியவராயும் இருந்த இப்புதிய நிலத்துக்குத் தாமே விரும்பி வந்தார். 1982இல் இறக்கும்வரை இங்கேயே பணியாற்றினார். பூத்துக் குலுங்கும் தோட்டத்தை விட்டுப் பூக்காத செடியைத் தேடி வந்த தோட்டக்காரர் அவர்.

நீர் ஊற்றுவோருக்கு

எல்லாம் செய்தும் பூக்காத செடிகளும் உண்டு. மண்ணை மாற்றி, வெயில் தந்து, கவ்வாத்துச் செய்து, ஓராண்டு காத்தபின்னும் ஒரு செடி மலராவிடில், அதை அகற்றி வேறொன்றை நடுவதில் குற்றமில்லை. செடி செடிதான். மனிதர்கள் விடயத்தில் அந்த உரிமை நமக்குத் தரப்படவில்லை. உவமையில் வரும் தொழிலாளியும், ஓராண்டின் பின் கனி தராவிட்டால் மரத்தை வெட்டுவது குறித்துத் தலைவரிடம் பேசும்போது, அதனைத் தலைவரின் செயலாகவே குறிப்பிடுகிறார். தாம் வெட்டுவதாக அவர் சொல்லவில்லை.

1457இல் இறந்த காசியா நகர்ப் புனித ரீத்தாவை நம் தாய்மார் நன்கறிவர். முன்கோபியும் முரடனுமான கணவனுக்காகப் பல ஆண்டுகள் பொறுமையோடு மன்றாடியவர் அவர். கணவன் கொலையுண்டு, இரு மைந்தரும் இறந்தபின் துறவு மடம் புகுந்தார். பட்டுப்போன ஒரு கொம்புக்கு நாள்தோறும் நீர் ஊற்றும்படி மடத்தின் தலைவி பணித்தார் என்றும், ரீத்தா முகம் கோணாமல் ஊற்றிவர அது ஒருநாள் தளிர்த்தது என்றும் மரபு கூறுகிறது. காய்ந்த கொம்புக்கு ஊற்றிய அந்த ஒவ்வொரு நாளும் அவருடைய அன்பின் நாளாகவே கணக்கிடப்பட்டது. மகனுக்காக, கணவனுக்காக, பயனொன்றும் காணாமலேயே செபமாலை உருட்டும் தாய்மாரே, உங்கள் நாள்களும் அவ்வாறே எண்ணப்படுகின்றன.

அந்த அத்திமரம் இறுதியில் காய்த்ததா? நற்செய்தி அதனைக் கூறவில்லை. கதை முடியாமலேயே நிற்கிறது. நாம் வாழும் இந்நாள்தான் அந்த மேலதிக ஆண்டு. ஒரு நாள் நமக்காகவும் ஒருவர் பரிந்து பேசினார். நம் வேரடியிலும் ஒருவர் மண்ணைக் கொத்தினார். அதனாலன்றோ நாம் இன்று நிற்கிறோம்?

இந்த வாரத்தில் உங்கள் வீட்டில் பூக்காத செடி இருந்தால், பிடுங்குமுன் அதன் வேரடியைக் கொத்திப் பாருங்கள். பூக்காத உள்ளம் ஒன்று இருந்தால், தீர்ப்புச் சொல்லுமுன் அதன் அருகில் அரைமணி நேரம் அமருங்கள்.

செபம்: பொறுமையின் ஆண்டவரே, எங்களுக்கு இன்னும் ஓர் ஆண்டைத் தந்தீர். நாங்களும் பிறருக்கு இன்னும் ஓர் ஆண்டைத் தரவும், வெறுமனே காத்திராமல் அவர்களுடைய வேரடியில் உழைக்கவும் வரம் தாரும். ஆமென்.